ஒரு வீட்டு அனுபவமும் ஆயிரம் வீட்டுக் கணக்கும்

வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் குழந்தை பிறந்த வீட்டில் ஆலோசனைக்குப் பஞ்சம் இராது. "ஏணையில் போட்டால்தான் பிள்ளை நன்றாக உறங்கும்" என்பார் அம்மம்மா. "குப்புறக் கிடத்தினால் பால் புரைக்கேறாது" என்பார் அயல்வீட்டு மாமி. வீடு தேடி வரும் மருத்துவ மாதோ, "தட்டையான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள்" என்கிறார். இளந்தாய் யார் சொல்லை ஏற்பாள்? மூத்தோர் காட்டும் சான்று ஒன்றே: "ஆறு பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன், எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?"

நேயர்களே, இச்சான்றின் வலிமையையே இன்று சற்று ஆராய்வோம்.

இவ்வாறு அனுபவத்தை நம்பித் தவறியவர் பாட்டிமார் மட்டுமல்லர். அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பொக் 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல் உலகெங்கும் பரவியது. 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளில், குழந்தையைக் குப்புறக் கிடத்துவதே நன்று என்று அவர் எழுதினார். மல்லாந்து கிடக்கும் குழந்தை கக்கினால் மூச்சடைக்கும் என்பது அவர் கூறிய காரணம். கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றிற்று. ஆயினும், அதனை எவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

மேலைநாட்டுத் தாய்மார் பலர் அவ்வாறே செய்தனர். இரவில் நலமாக உறங்கிய குழந்தை, காலையில் காரணம் தெரியாமல் இறந்து கிடக்கும் துயரம் அந்நாடுகளில் மிகுந்தது. 1980களின் பிற்பகுதியில், பிரித்தானியாவில் ஆயிரம் குழந்தைகளுள் ஏறக்குறைய இருவர் இவ்வாறு மாண்டனர். ஆயிரத்தில் இருவர் என்றால், எஞ்சிய 998 வீடுகளும் "எமக்கு ஒன்றும் நேரவில்லை" என்றே சாட்சி சொல்லும். அச்சாட்சி பொய்யன்று, ஆனால் அரிதாக நேரும் தீங்கு ஒரு வீட்டின் நினைவில் அகப்படுவதில்லை.

அதனை அகப்படுத்துவது கணக்கே. இறந்த குழந்தைகளையும், அதே வயதில் அதே ஊரில் வாழும் குழந்தைகளையும் ஒப்பிட்டு, எவ்வாறு கிடத்தப்பட்டனர் என ஆராய்ச்சியாளர் விசாரித்தனர். குப்புற உறங்கியோரிடையே ஆபத்துப் பன்மடங்கு எனத் தெரிந்தது. 1991 ஆம் ஆண்டில் நியூசிலாந்திலும் பிரித்தானியாவிலும், 1994 இல் அமெரிக்காவிலும் "மல்லாக்கக் கிடத்துங்கள்" என்ற பிரசாரம் எழுந்தது. சில ஆண்டுகளுள் பிரித்தானியாவில் இம்மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. முந்தைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருப்பின் 1970 அளவிலேயே உண்மை புலப்பட்டிருக்கும் என்றும், பிரித்தானியாவில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும் என்றும் ரூத் கில்பர்ட் குழுவினர் 2005 இல் எடுத்துக்காட்டினர்.

புரைக்கேறும் என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக அமைகின்றன. ஆதலால் கக்கிய பால் மூச்சுக்குழலுள் எளிதில் இறங்குவதில்லை.

அப்படியானால் அனுபவம் பயனற்றதா? அன்று. ஹொங்கொங்கில் சீனக் குழந்தைகளிடையே இம்மரணம் அரிதாயிருப்பதையும், அவர்கள் வழக்கமாக மல்லாந்து உறங்குவதையும் டேவிஸ் என்ற மருத்துவர் 1985 இல் சுட்டிக்காட்டினார். பாட்டிமாரின் பழைய வழக்கமே அங்கு மருத்துவத்துக்குத் துப்புக் கொடுத்தது. அனுபவம் கேள்வியை எழுப்பும். கணக்கே அதற்குத் தீர்ப்புக் கூறும்.

ஆதலால் தாலாட்டையும் எண்ணெய்த் தடவலையும் அம்மம்மாவிடமே விட்டுவிடலாம். ஏணையில் ஆட்டி உறங்கச் செய்தாலும், சேலை குழிந்து மோவாய் மார்பில் படிந்தால் மூச்சுத் தடைப்படக்கூடும். எனவே உறங்கியதும் தட்டையான, உறுதியான படுக்கைக்கு மாற்றி, முகத்தருகே தலையணையின்றி மல்லாக்கக் கிடத்துவதே தக்கது. விழித்திருக்கும்போது, பெரியவர் அருகிருக்க, குப்புறக் கிடந்து விளையாடட்டும்.

"என் பிள்ளைகளுக்கு ஒன்றும் நேரவில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த நற்பேற்றுக்காக மகிழ்வோம். உயிர் சார்ந்த காரியத்தில் மட்டும், "எத்தனை குழந்தைகளை எண்ணிப் பார்த்துச் சொல்லப்பட்டது?" என்று கேட்டுக்கொள்வோம். மூத்தோரை அவமதியாமலே இக்கேள்வியைக் கேட்க முடியும்.