"எக்ஸ்பீரியன்ஸ் உண்டோ?"
பட்டமும் அனுபவமும் இல்லாத பிள்ளைக்கு மட்டாஞ்சேரியில் கணக்கு வேலை கிடைக்குமா?

போர்ட் கொச்சி: பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்துத் தேறிய பிள்ளை, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினால், காதில் விழுவது ஒரே கேள்விதான். "எக்ஸ்பீரியன்ஸ் உண்டோ?" முதலாளி குஜராத்தியானாலும் சரி, கொங்கணியானாலும் சரி, கேள்வி மலையாளத்தில்தான் வரும். இல்லை என்று தலையாட்டினால், "பி.காம். ஆணோ?" என்பார். அதற்கும் இல்லை என்றால் பேச்சு முடிந்தது.

வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? இதை எந்தப் பிள்ளையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மனதுக்குள் கேட்டுக்கொண்டு படியிறங்கிவிடுகிறது.

நம்மவர் வீடுகளில் இது சின்ன விஷயமல்ல. வேலிப் பகுதியில் உள்ள தோபிகானாவை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே தொழில் செய்கின்றன. தண்ணீரில் நின்று கால் ஊறி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தோள் இறங்கிய தகப்பனுக்கு ஒரே ஆசைதான்: பிள்ளை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிற வேலைக்குப் போகவேண்டும். மூன்று வருஷம் கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை. பிளஸ் டூவோடு கணக்கு வேலை கிடைத்தால் குடும்பம் ஒரு படி ஏறும். கிடைக்காவிட்டால் பிள்ளையும் அதே கல்லுக்குத்தான் வரவேண்டும்.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா

பட்டமில்லாமல் கணக்குப் பிரிவில் முதல் வேலை தேடியவர்களில் பெயர் பெற்ற ஒருவர் உண்டு. அவர் தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. பிள்ளை மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்கு மேல் எஃப்.ஏ. பரீட்சையில் கும்பகோணத்திலும் தேறவில்லை, சென்னையிலும் தேறவில்லை. கணிதம் ஒன்றைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. 1909-இல் கல்யாணமும் ஆகிவிட்டது. கையில் காசில்லை.

அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி அய்யரிடம் போய், ஏதாவது ஒரு குமாஸ்தா வேலை போட்டுக் கொடுக்கும்படி கேட்டார். அவர் கையில் பட்டம் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம்தான் இருந்தது. ராமசாமி அய்யரும் கணிதம் தெரிந்தவர். புரட்டிப் பார்த்தார். இந்த மூளையைத் தாலுகா ஆபீசில் போட்டு அடைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் தமக்குத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

1912 ஜனவரியில் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் மாதம் 20 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. சில வாரம்தான். அந்த வேலையில் இருக்கும்போதே, பிப்ரவரி 9-ஆம் தேதி துறைமுக டிரஸ்டுக்கு மனுப் போட்டார். அந்த மனு நம் பிள்ளைகள் பார்க்கவேண்டிய மனு. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொன்னார். எஃப்.ஏ. வரை படித்ததையும், மேலே தொடர முடியாமல் போனதையும் மறைக்கவில்லை. அதன் பிறகு கணிதத்திலேயே நேரத்தைச் செலவிட்டதைச் சொல்லி, கொடுத்த வேலையைச் சரியாகச் செய்யமுடியும் என்று உறுதி சொன்னார். அவ்வளவுதான். புலம்பலும் இல்லை, புளுகும் இல்லை. கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை வைத்தார்.

மார்ச் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் 30 ரூபாய். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ்.நாராயண அய்யரும் கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர், ராமானுஜனை ஏற்கெனவே அறிந்தவர். மறு வருஷம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய புகழ் பெற்ற கடிதத்தில், ராமானுஜன் தம்மை முதலில் அறிமுகம் செய்துகொண்டதே துறைமுகக் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா என்றுதான்.

எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது; உண்மைதான். ஆனால் அப்பேர்ப்பட்டவருக்கே முப்பது ரூபாய் வேலையைச் சான்றிதழ் வாங்கித் தரவில்லை. அவர் எழுதியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் வாய் திறந்தார்கள். பஜார் ரோட்டு முதலாளி "எக்ஸ்பீரியன்ஸ் உண்டோ" என்று கேட்பதன் உள்ளர்த்தமும் இதுதான். "உன் வேலையைப் பார்த்தவர் யார்?" என்கிறார். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவனைப் பற்றி இப்படிக் கேட்பதில் தப்பில்லை.

அப்பாவின் கணக்கே முதல் பேரேடு

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எந்த முதலாளி பேரேட்டைக் கொடுத்துப் பழகச் சொல்வார்? யாரும் சொல்லமாட்டார். ஆனால் வீட்டில் ஒரு தொழில் நடக்கிறதே!

தோபிகானாக்காரர்களைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். சேங்கொட்டைப் பாலால் துணி ஓரத்தில் குறியிட்டு, பல வீட்டுத் துணியை ஒன்றாக வெளுத்து, வீடு மாறாமல் திருப்பிக் கொடுத்த தொழில் அது. அதுவும் ஒரு பேரேடுதான், தாளில் எழுதவில்லை, அவ்வளவே. இன்றைக்கு ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் துணி போடுகின்றன. ஓட்டலுக்கு ஒரு பக்கம் திறக்கவேண்டும். போட்ட துணிக்கு ஆன கூலி பற்று. அவர்கள் கொடுத்த பணம் வரவு. கஞ்சி, சோப்பு, மின்சாரம், ஆட்டோ வாடகை எல்லாம் செலவில். அப்பா வீட்டுக்கு அரிசி வாங்க எடுத்த பணத்தைத் தொழில் செலவில் எழுதக்கூடாது, சொந்த எடுப்பு என்று தனியே எழுதவேண்டும். சிறு வியாபாரிகளின் கணக்கு பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான். மூன்று மாதம் விடாமல் எழுதி, மாதக் கடைசியில் ஐந்தொகை நேராகிறதா என்று பார்த்தால், அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொண்டு போகலாம். தகப்பன் மூட்டை தூக்குபவரானால், தெரிந்த பலசரக்குக் கடையிலோ டீக்கடையிலோ கேட்டு எழுதலாம். டீக்கடைக் கணக்கில் இருக்கும் சிக்கல் பெரிய கம்பெனியில்கூட இருக்காது!

ஒரு விஷயம். காலையில் பெட்டியில் 2,000 ரூபாய். அன்றைய வரவு 7,450. செலவு 6,900. இருக்கவேண்டியது 2,550. எண்ணினால் 2,500தான் இருக்கிறது. சொந்தப் பையிலிருந்து ஐம்பது ரூபாயைப் போட்டு நேராக்குகிற பிள்ளை யோக்கியன் மாதிரித் தோன்றும். ஆனால் அவன் கணக்கன் அல்ல. குறைவு ஐம்பது என்று எழுதி முதலாளியிடம் காட்டுகிறவன்தான் கணக்கன். இன்று போட்டு மறைத்தவன் நாளை எடுத்தும் மறைப்பான் என்பது பழைய கணக்கப்பிள்ளைகளுக்குத் தெரியும்.

சுக்குக்கு வரி உண்டு, பச்சை இஞ்சிக்கு இல்லை

கடையில் பரீட்சை வைத்தால் என்ன கேட்பார்கள்? பற்று வரவுக்கு இலக்கணம் கேட்கமாட்டார்கள். 60,000 ரூபாய் சுக்கு ஆலுவாவுக்குப் போகிறது, பில் போடு என்பார்கள். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. முறை. சுக்குக்கு 5 சதவீதம். ஆலுவா கேரளத்துக்குள்ளேயே இருப்பதால் மத்திய வரி 1,500, மாநில வரி 1,500 என்று பிரித்துப் போடவேண்டும். அதே சரக்கு போடிநாயக்கனூருக்குப் போனால் மாநிலம் தாண்டுகிறது, ஐ.ஜி.எஸ்.டி. 3,000 என்று ஒரே வரியில் வரும். மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால் லாரியோடு இ-வே பில்லும் போகவேண்டும். பச்சை இஞ்சியானால் வரியே இல்லை. இந்த ஒன்றைத் தடுமாறாமல் சொன்னாலே முதலாளி நிமிர்ந்து பார்ப்பார்.

அடுத்தது பாங்குக் கணக்கு. கடைப் புத்தகத்தில் பாங்கு இருப்பு 48,250. பாங்கு காட்டுவது 53,250. ஐந்தாயிரம் எங்கே? லாரி ஆபீசுக்குக் கொடுத்த செக்கை அவர்கள் இன்னும் பாங்கில் போடவில்லை. இப்படித் தேடிப் பிடிக்கத் தெரியவேண்டும். டாலி பழகுவதும் அவசியம். பொத்தான்களைச் சில வாரத்தில் பழகிவிடலாம். எந்தத் தொகை எந்தத் தலைப்பில் என்பது மட்டும் கையால் எழுதிப் பழகினால்தான் படியும்.

எங்கே போய்க் கேட்பது? 1957-இல் அமைந்த மிளகு வர்த்தகச் சங்கத்தின் முன்பேரச் சந்தையில் கூவிக் கூவி விலை சொன்ன காலம் ஜூ டவுனில் முடிந்துவிட்டது. 2011-இல் வல்லார்பாடம் முனையம் வந்தபின் கன்டெய்னர்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. பழைய கிடங்குகளில் பல இன்று விடுதிகளாகவும் கலைப்பொருள் கடைகளாகவும் மாறியிருக்கின்றன. ஆனால் விடுதிக்கும் பில் உண்டு, வரி உண்டு. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் வந்துகொண்டேதான் இருக்கும். முழு நேர ஆள் வைக்க வசதியில்லாத இந்தச் சின்ன இடங்கள்தான் புதிய பிள்ளைக்குக் கதவு. எர்ணாகுளத்து ஆடிட்டர் ஆபீசுகளையும் விடக்கூடாது. மார்ச் கழிந்து வருமான வரிக் கணக்குகள் குவியும் மாதங்களில் அங்கே வவுச்சர் அடுக்கக்கூட ஆள் போதாது. ஒரு சீசன் உட்கார்ந்தால் பல தொழில்களின் கணக்கைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

நம் பிள்ளைகள் மறந்துவிடுகிற முதல் ஒன்று இருக்கிறது: தமிழ். போடி ஏலக்காய் வியாபாரியோடும் விருதுநகர் மண்டிக்காரரோடும் பாக்கிக்காகப் பேசவும், அவர்கள் தமிழில் எழுதிய சீட்டைப் படிக்கவும் மட்டாஞ்சேரிக் கடைக்கு ஆள் தேவை. மனுவில் அதை முதல் வரியிலேயே எழுதலாம்.

எச்சரிக்கையும் வேண்டும். முன்பணம் கட்டினால் வேலை நிச்சயம் என்கிறவரிடம் ஒரு காசு கொடுக்கக்கூடாது. "பழகட்டும்" என்று சம்பளமில்லாமல் வைத்துக்கொள்பவரிடம், எத்தனை மாதம், அதன்பின் எவ்வளவு என்று முதல் நாளே மரியாதையாகக் கேட்டுவிடவேண்டும். எல்லாவற்றையும் விட, சரக்கு வராமலே பில் எழுதச் சொன்னால் அந்த இடத்தில் நிற்கக்கூடாது. போலி பில்லுக்கு ஜி.எஸ்.டி. சட்டத்தில் சிறை உண்டு. எழுதிய கை யாருடையது என்று கேள்வி வரும்போது முதலாளி முன்னால் நிற்பார் என்று நம்ப முடியாது.

வேலை அமைந்தபின் படிப்பைத் தொடரவும் வழி இருக்கிறது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பி.காம். எழுதலாம். சி.ஏ. பவுண்டேஷன் பரீட்சைக்குப் பட்டம் தேவையில்லை, பிளஸ் டூ போதும். அந்தக் கட்டணத்தை முதல் சில மாதச் சம்பளத்திலிருந்தே தனியாக எடுத்து வைத்துவிட்டால், அப்பாவிடம் கை நீட்டவேண்டியிருக்காது.