பழைய ‘குட்டி யானை’ வாங்குகிறீர்களா? பழுதுச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்

காய்கறி ஏற்றிக்கொண்டு விடியற்காலைச் சந்தைக்குப் போகும் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால், நட்டம் மெக்கானிக் கூலியோடு முடிவதில்லை. ஏலம் முடிந்தபின் போய்ச் சேரும் தக்காளியை, வியாபாரி கேட்ட விலைக்குத்தான் தர வேண்டிவரும். ஆகவே, பழைய சரக்கு வண்டி வாங்க நினைக்கும் விவசாயிகள் விற்பனை விலையை மட்டும் பார்த்தால் போதாது. முதல் ஓராண்டில் வரக்கூடிய பழுதுச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிராமங்களில் அதிகம் கைமாறுவது, ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ். 2005-ல் அறிமுகமான இந்த வண்டியின் தொடக்ககால டீசல் மாடலில் இருப்பது சுமார் 700 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் இன்ஜின். ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. பெரிய செலவு வைக்கும் பழுதுகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வருகின்றன: அதிக பாரம், இன்ஜின் சூடு.

இன்ஜின் சூடாவது

இந்த வண்டியில் இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பதால், சூடு ஏறுவது உடனே தெரியாது. ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதிலாக போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உப்பு படிந்து அடைப்பு ஏற்படும். அடைப்பால் சூடு ஏறும். சூட்டால் ஹெட் கேஸ்கெட் போகும். அப்போதும் நிறுத்தாமல் ஓட்டினால் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். ரேடியேட்டர் சுத்தம் செய்து கூலன்ட் மாற்ற 1,000 முதல் 2,000 ரூபாய் ஆகும். ஹெட் கேஸ்கெட் மாற்ற 6,000 முதல் 10,000 வரை ஆகலாம். முழு இன்ஜின் வேலை என்றால் 30,000 முதல் 50,000 வரை போகும்.

வாங்கும்போது காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும் நிலையில் போய்ப் பாருங்கள். ஆயில் பாலும் டீயும் கலந்த நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தபின் ஆயில் மூடியைத் திறந்தால் புகை வேகமாக வருகிறதா, சைலன்சரில் நீலப் புகை தொடர்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இன்ஜின் தேய்ந்ததற்கான அறிகுறிகள். கரும்புகை மட்டும் வந்தால், ஏர் ஃபில்டர் அடைப்பாகவோ நாசில் கோளாறாகவோ இருக்கலாம்; அது சிறிய செலவு.

கிளட்ச்

வயல் பாதையிலும் மேட்டிலும் அரை கிளட்ச்சில் ஓட்டப்பட்ட வண்டியில் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். இதைச் சோதிப்பது எளிது. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்ற 5,000 முதல் 8,000 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் பட்டை, ஸ்டீயரிங், டயர்

25 கிலோ பிடிக்கும் கிரேடு 30 ஏற்றினாலே 750 கிலோ வந்துவிடும். கிரேடின் எடையும் உடன் வரும் ஆளின் எடையும் அதற்கு மேல். எனவே 26, 27 கிரேடோடு நிறுத்துவதே முறை. 40 கிரேடு ஏற்றிப் பழகிய வண்டியில் ஸ்பிரிங் பட்டை தட்டையாகியிருக்கும் அல்லது உடைந்திருக்கும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கிங்பின்னையும் ஸ்டீயரிங் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பட்டை, புஷ், கிங்பின் வேலைகளுக்கு 5,000 முதல் 12,000 வரையும், நான்கு புது டயருக்கு 12,000 முதல் 15,000 வரையும் ஆகும்.

துரு: விவசாயி கவனிக்க வேண்டியது

உரமும் எருவும் ஏற்றும் வண்டிக்குத் தனிப் பிரச்சினை உண்டு. யூரியா, பொட்டாஷ், காம்ப்ளக்ஸ் உரங்கள் சிந்தி ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும். ஈரச் சாணமும் அப்படியே. மேலே புது பெயின்ட் பளபளத்தாலும், குனிந்து சேசிஸைப் பாருங்கள். திருப்புளியால் தட்டினால் தகடாக உதிர்கிறது என்றால் அந்த வண்டி வேண்டாம். தொட்டியின் தரைத் தகட்டை 10,000 முதல் 20,000 ரூபாயில் மாற்றிவிடலாம். சேசிஸ் அரித்தால் பாதுகாப்பே போய்விடும். உரம் ஏற்றி இறக்கிய அன்றே தொட்டியைக் கழுவிக் காயவிடுவது காசில்லாத பராமரிப்பு.

மேலே சொன்ன தொகைகள் உதிரிபாகமும் கூலியும் சேர்த்த தோராயமே. ஊருக்கு ஊர் மாறும். உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எப்படிக் கணக்கிடுவது?

ஒரு வண்டி 1,20,000 ரூபாய். இன்னொன்று 1,55,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டிக்கு டயர் 13,000, கிளட்ச் 7,000, இன்ஜின் வேலை 40,000 தேவை என்றால், அதன் உண்மையான விலை 1,80,000. நல்ல நிலையில் இருந்தால் இரண்டாவதுதான் மலிவு. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் விற்பவரும் விலையைக் குறைப்பார். மெக்கானிக்கை உடன் அழைத்துப்போகக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

காகிதங்களிலும் கவனம் தேவை. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். பைனான்ஸ் பாக்கி, நிலுவை அபராதம், இன்சூரன்ஸ் ஆகியவற்றைப் பாருங்கள். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், வயது கூடினால் கட்டணமும் கூடும். பிரேக், விளக்கு, டயர் சரியில்லாமல் எஃப்.சி. கிடைக்காது என்பதால், அந்தச் செலவைத் தள்ளிப்போட முடியாது.

வாங்குவதா, வாடகையா?

ஆண்டுக்கு எத்தனை நடை போவீர்கள் என்று எழுதுங்கள். அதை உங்கள் ஊர் வாடகையால் பெருக்குங்கள். உதாரணமாக, 1,500 ரூபாய் வாடகையில் 30 நடை என்றால் 45,000. சொந்த வண்டிக்கு டீசல், ஓட்டுநர் கூலி, இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி., ஆயில் சர்வீஸ், பழுது எல்லாம் சேர்த்து இதைத் தாண்டினால், வாடகையே லாபம். அறுவடைக் காலத்தில் மட்டும் தேவைப்படுவோர் நான்கைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ ஒரே வண்டியில் சரக்கை அனுப்பலாம்.

வாரம் மூன்று நான்கு நடை போகிறவர்களுக்குச் சொந்த வண்டி நிச்சயம் கைகொடுக்கும். ஒவ்வொரு நடைக்கும் 200 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 150 நடைக்கு 30,000 ரூபாய் சேரும். கிளட்ச்சோ டயரோ போகும் நாளில், அறுவடையின் நடுவே கைமாற்றுக் கேட்டு அலைய வேண்டியிருக்காது.