10 நாளா 'போகவே' இல்லையா? செல்லப் பாம்புக் குட்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

2023 ஏப்ரல் 28. கோலாலம்பூரில் இருந்து சென்னை வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளில் இருந்து 22 பாம்புகளையும் ஒரு பச்சோந்தியையும் சுங்கத்துறையினர் எடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 30-ல் திருச்சி விமான நிலையத்தில் இன்னொரு பயணியிடம் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் சிக்கின. இத்தனை பாம்புகளைக் கடத்தி வருகிறார்கள் என்றால், இங்கே வாங்க ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆனால் வாங்கிய கையோடு பலரும் கேட்கும் கேள்விகள் ரொம்ப எளிமையானவை. "தினமும் சாப்பாடு வைக்கணுமா?", "ஒரு வாரமா மலமே கழிக்கலையே, செத்துடுமா?" நாய், பூனை வளர்த்த பழக்கத்தில் வரும் கேள்விகள் இவை. பாம்பின் வயிறு வேறு கடிகாரத்தில் ஓடுகிறது. அது புரியாததால்தான் பல குட்டிகள் சில மாதம்கூடத் தாங்குவதில்லை.

முதலில் ஒரு விஷயம். காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டத்திலோ, பக்கத்து வயல் வரப்பிலோ ஒரு மலைப்பாம்புக் குட்டி கிடைத்தால் 'வளர்க்கலாமே' என்று டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் சரி.

வெளிநாட்டு இனங்களின் கதை வேறு. செல்லப்பிராணிச் சந்தையில் பிரபலமான 'பால் பைதான்' (இங்கே 'பால்' என்றால் பந்து, பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும்) சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், 2024-ல் வந்த விதிகளின்படி அதை மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாத பாம்பை 'சும்மா தர்றேன்' என்றாலும் வாங்காதீர்கள்.

சரி, வயிற்றுக்கு வருவோம்.

சூடு இல்லைன்னா செரிமானம் இல்லை

பாம்பால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. எலியை விழுங்கியதும் அதைச் செரிக்கத் தேவையான வெப்பத்தை வெளியில் இருந்துதான் எடுக்கிறது. பால் பைதானுக்குக் கூண்டின் ஒரு பக்கம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மறுபக்கம் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தால், அதுவே தேவைக்கேற்ப நகர்ந்துகொள்ளும். கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் இது பெரிய வேலை இல்லை. மார்கழி, தை மாத இரவுகளில்தான் சிக்கல். சூடு குறைந்தால் செரிமானம் நின்றுவிடும். உள்ளே எலி அழுக ஆரம்பிக்கும். பாம்பு அதைக் கக்கிவிடும்.

குட்டிக்கு ஒருமுறை கக்குவதே பெரிய அடி. இரையோடு சேர்ந்து வயிற்று அமிலமும் மேலே வந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பாவம் என்று மறுநாளே இன்னொரு எலியைக் கொடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 10 முதல் 14 நாள் சும்மா விட்டு, பிறகு முன்பைவிடச் சிறிய இரையாகக் கொடுக்க வேண்டும்.

குட்டிக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, அதன் உடம்பின் தடித்த பகுதி அளவுள்ள ஓர் எலிக்குஞ்சு போதும். சாப்பிட்ட பிறகு 48 மணி நேரம் கையில் எடுக்கவே கூடாது. ஆம், ரீல்ஸ் எடுக்கவும்தான்.

வெளியே தெரியாவிட்டாலும் அந்த 48 மணி நேரத்தில் உள்ளே பெரிய வேலை நடக்கிறது. நம்ம ஊர் மலைப்பாம்பின் நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள், சாப்பிட்ட இரண்டு நாளில் அதன் இதயத் தசை சுமார் 40 சதவீதம் வளர்வதைப் பார்த்தார்கள். குடலும் கல்லீரலும்கூடப் பெருக்கும். வேலை முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். எலும்பு வரை கரைந்துபோகும். முடியும் நகமும்தான் மிஞ்சும்.

அப்போ பால்? பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஏற்பாடு பாம்பின் குடலில் இல்லை. தாகம் தாங்காத பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், பிறகு வயிறு கெட்டு அவதிப்படும். 'பாம்புக்குப் பால் வார்த்த' கதையில் உண்மையில் நஷ்டம் பாம்புக்குத்தான்.

அந்த வெள்ளைக் கட்டி என்ன?

சுவரில் பல்லி எச்சம் பார்த்திருப்பீர்கள்: கறுப்பாக, நுனியில் வெள்ளையாக. பாம்புக்கும் அதே கதைதான். மலத்துக்கும் சிறுநீருக்கும் ஒரே துளை. தண்ணீரைச் சேமிக்க, சிறுநீர்க் கழிவை யூரிக் அமிலமாக மாற்றிக் கெட்டியாக வெளியேற்றுகிறது. அந்த வெள்ளைக் கட்டி நோய் இல்லை. அது சுண்ணாம்புக் கல் மாதிரி இறுகி, ஆரஞ்சு நிறமாக வந்தால் உடம்பில் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? ஒல்லியான சோளப் பாம்புக் குட்டி சாப்பிட்ட சில நாளிலேயே கழித்துவிடும். பால் பைதான் குட்டி இரண்டு, மூன்று வேளை இரையைச் சேர்த்து வைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரேயடியாகப் போகலாம். தோல் உரிக்கும்வரை காத்திருப்பதும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர் ஹார்வி லில்லிவைட் குழு கவனித்த ஒரு காபூன் விரியன், 420 நாள் மலத்தை உள்ளேயே வைத்திருந்தது! மரம் ஏறும் பாம்புகள் எடை குறைய உடனே கழித்துவிடுகின்றன. தரையில் பதுங்கி இரை பிடிக்கும் கனமான பாம்புகளுக்கோ, பாயும்போது பின்பக்கத்தை ஊன்றிக்கொள்ள அந்த எடையே உதவுகிறது என்பது அவர்களின் விளக்கம்.

ஆக, 10 நாள் என்பது பதற வேண்டிய கணக்கு இல்லை. வால் பக்கம் வீக்கம், தொட்டால் கெட்டியான உருண்டை, முக்கியும் வராமல் இரையையும் மறுப்பது, ரத்தம் கலந்த எச்சம், இவைதான் ஆபத்து அறிகுறிகள். லேசான மலச்சிக்கல் என்றால், உடம்பு பாதி நனையும் அளவு வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் விடலாம், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டு. விளக்கெண்ணெய் வைத்தியம் வேண்டவே வேண்டாம். சரியாகவில்லை என்றால் கால்நடை மருத்துவர்தான். பாம்பு பார்ப்பவரா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகக் கழித்த எச்சம் இருந்தால் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். குடல் புழு இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

இரை கொடுத்த தேதி, கழித்த தேதி, தோல் உரித்த தேதி மூன்றையும் போனில் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று, இது வீட்டில் இருப்பவர்களுக்கு. ஆரோக்கியமான பாம்பின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். கூண்டைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. பாம்பைத் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். 5 வயதுக்குக் குறைவான குழந்தை இருக்கும் வீட்டில் பாம்பு வளர்க்காமல் இருப்பதே நல்லது.