300 வங்கிகளின் பரிவர்த்தனை நின்றதும் ஒரு ஜென்கின்ஸ் சர்வரும்: மென்பொருளை வெளியிடும் தானியங்கி முறை இயங்குவது எப்படி?

புதுதில்லி: நாட்டின் ஏறத்தாழ 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள், 2024 ஜூலை 31 அன்று யுபிஐ உள்ளிட்ட பணப் பரிவர்த்தனைகளை மேற்கொள்ள முடியாமல் தவித்தனர். இவற்றில் பெரும்பாலானவை கூட்டுறவு வங்கிகளும் மண்டல ஊரக வங்கிகளும் ஆகும். அவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கிவந்த சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கக்கூடும் என்பதால், அதன் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்ததாக இந்திய தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் (என்பிசிஐ) அறிவித்தது. மறுநாள் இணைப்பு மீட்கப்பட்டது.

தாக்குதல் தொடங்கிய இடம் எது என்பதை பெங்களூரைச் சேர்ந்த இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்செக் ஆராய்ந்தது. சி-எட்ஜுடன் இணைந்து பணியாற்றிய மற்றொரு நிறுவனத்தில், முறையாக அமைக்கப்படாமல் இருந்த ஜென்கின்ஸ் சர்வர் வழியே தாக்குதல் நடத்தப்பட்டதாக அது தனது அறிக்கையில் தெரிவித்தது. பொதுமக்கள் பெயர்கூட அறியாத இந்த சர்வருக்கும் வங்கிச் சேவைக்கும் உள்ள தொடர்பு என்ன?

சர்வரின் பணி என்ன?

ஒரு செயலியைப் பல பொறியாளர்கள் ஒரே நேரத்தில் எழுதுகின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைத் தனியே எழுதி, மாத இறுதியில் ஒன்றுசேர்த்தால், ஒருவருடைய நிரல் மற்றொருவருடைய நிரலுடன் முரண்படும். பிழை எந்த மாற்றத்தால் வந்தது என்பதைக் கண்டறியவே பல நாள்கள் ஆகிவிடும். இதைத் தவிர்க்க உருவானதே தொடர் ஒருங்கிணைப்பு முறை. சுருக்கமாக இது 'சிஐ' எனப்படுகிறது.

இம்முறையில் பொறியாளர்கள் தாங்கள் செய்யும் சிறு மாற்றங்களை அவ்வப்போது பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கின்றனர். புதிய மாற்றம் வந்ததும் சிஐ சர்வர் முழு மென்பொருளையும் புதிதாகத் தொகுத்து, முன்பே எழுதிவைக்கப்பட்ட சோதனைகளை ஒவ்வொன்றாக இயக்குகிறது. ஒரு சோதனை தோற்றாலும் பணி அங்கேயே நிற்கும். உரியவருக்குத் தகவல் செல்லும். எல்லாச் சோதனைகளிலும் தேறிய மென்பொருளைப் பயன்பாட்டில் உள்ள சர்வர்களில் நிறுவுவது அடுத்த கட்டம். 'சிடி' என்பது இதுவே.

இப்பணிக்குப் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருள்களுள் ஒன்று ஜென்கின்ஸ். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கோசுகே கவாகுச்சி இதனை 'ஹட்சன்' என்ற பெயரில் உருவாக்கினார். சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டையடுத்து, 2011-ல் இது ஜென்கின்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பணியின் படிநிலைகளை 'ஜென்கின்ஸ்ஃபைல்' என்ற கோப்பில் எழுதி, நிரலுடனேயே சேமிக்கலாம். இதனால் எந்தப் படிநிலையை யார், எப்போது மாற்றினார் என்பதற்கும் பதிவு இருக்கும்.

கைமுறையின் ஆபத்து

மனிதர்கள் கைமுறையாக மென்பொருளை நிறுவும்போது நேரக்கூடிய பிழைக்கு, அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடல் சந்தித்த இழப்பு சான்றாகும். புதிய நிரலை எட்டு சர்வர்களில் நிறுவ வேண்டிய ஊழியர் ஒன்றை விட்டுவிட்டார். அதனை மற்றொருவர் சரிபார்க்கவும் இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், அந்த ஒரு சர்வரில் எஞ்சியிருந்த பழைய நிரல் லட்சக்கணக்கான பங்கு ஆணைகளை அனுப்பத் தொடங்கியது. பதற்றத்தில் ஊழியர்கள், சரியாக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியதால் நிலைமை மேலும் மோசமடைந்தது. சுமார் 45 நிமிடங்களில் ஏற்பட்ட இழப்பு 46 கோடி டாலருக்கும் அதிகம் என அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் தெரிவித்தது. எட்டு சர்வர்களிலும் ஒரே பதிப்பு உள்ளதா எனச் சரிபார்த்து, இல்லையெனில் பணியை நிறுத்துமாறு தானியங்கி முறையை அமைத்திருந்தால், இந்த விடுபடல் சந்தை திறக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

சாவிக்கொத்து ஓரிடத்தில்

எனினும், இத்தனை பணிகளையும் செய்ய சிஐ சர்வருக்குப் பெரும் அதிகாரம் தேவைப்படுகிறது. நிரல் களஞ்சியம், தரவுத்தளம், கிளவுட் கணக்கு, பயன்பாட்டு சர்வர்கள் ஆகியவற்றின் கடவுச்சொற்களும் சாவிகளும் அதனிடமே இருக்கும். எனவே, அந்த ஒரு சர்வரைக் கைப்பற்றுபவர் மற்ற அனைத்தையும் நெருங்கிவிட முடியும்.

கிளவுட்செக் சுட்டிக்காட்டிய குறைபாடு இத்தகையதே. ஜென்கின்ஸுக்கு அனுப்பும் கட்டளையில் '@' குறியுடன் ஒரு கோப்பின் பெயரைச் சேர்த்தால், அக்கோப்பின் உள்ளடக்கத்தை ஜென்கின்ஸ் படித்துவிடும். கணக்கு இல்லாத வெளியாள்கூட, இவ்வழியே சர்வரில் உள்ள கோப்புகளின் முதல் சில வரிகளைப் பார்க்க முடிந்தது. இதற்கான திருத்தத்தை ஜென்கின்ஸ் குழு 2024 ஜனவரி 24 அன்றே வெளியிட்டுவிட்டது. வங்கிகளின் பரிவர்த்தனை நின்றதோ அதற்கு ஆறு மாதங்களுக்குப் பின்னர்.

பாதுகாப்பது எப்படி?

சிஐ சர்வரைப் பொது இணையத்திலிருந்து எவரும் அணுகும் வகையில் வைக்காமல், நிறுவனத்தின் உள் வலையமைப்புக்குள் வைப்பது முதல் தேவை. ஜென்கின்ஸ் மட்டுமன்றி, அதனுடன் இணைக்கப்படும் பிளகின்களையும் உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் அதற்குத் தேவையான அனுமதியை மட்டும் வழங்குவதும், கடவுச்சொற்களை நிரலில் எழுதிவைக்காமல் இருப்பதும் அவசியம். தொகுப்புப் பணிகளை முதன்மை சர்வரில் இயக்காமல் தனி ஏஜென்ட் கணினிகளில் இயக்க வேண்டும் என ஜென்கின்ஸ் ஆவணங்களே அறிவுறுத்துகின்றன.

புதிய பதிப்பை அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் முதலில் சிறு பகுதியினருக்கு அளிப்பதும், கோளாறு தென்பட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழியை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பதும் இழப்பைக் குறைக்கும்.

சேவை வழங்கும் நிறுவனத்தை மட்டுமன்றி, அதனுடன் இணைந்து பணியாற்றும் நிறுவனங்களின் சர்வர்களையும் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டிய தேவையை ஜூலை 31 சம்பவம் உணர்த்தியது. அன்று பரிவர்த்தனை செய்ய முடியாமல் போன வாடிக்கையாளர்களுக்கு அந்த சர்வருடன் நேரடித் தொடர்பு ஏதும் இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.