மீன் தொட்டியில் விளக்கும் இருளும்

கடல் மீன்களைத் தொட்டியில் வளர்ப்போர் ஜலத்தின் உப்பையும் சூட்டையும் தவறாமல் சோதிப்பர். இரையையும் அளந்து இடுவர். ஆனால் தொட்டியின்மேல் தொங்கும் விளக்கைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. ஆடுமாடுகளுக்கு உள்ளதுபோன்ற இமை பெரும்பாலான மீன்களுக்கு இல்லை. கண்ணை மூடி வெளிச்சத்தைத் தடுக்க அவற்றால் இயலாது. ஆகவே தொட்டி மீனுக்குப் பகல் எது, இரவு எது என்பதை வளர்ப்பவரின் விளக்கே தீர்மானிக்கிறது.

இதன் விளைவைக் கோமாளி மீனிடம் தெளிவாகக் காணலாம். இம்மீன் கடற்சாமந்தியை அண்டி வாழும் இயல்புடையது. பெண் மீன் கல்லின்மேலோ, தொட்டியில் வைத்த ஓட்டின்மேலோ முட்டைகளை ஒட்டவைக்கும். ஆண் மீன் துடுப்பால் விசிறி அவற்றைக் காக்கும். முதலில் செம்மஞ்சளாய் இருக்கும் முட்டைகளில் நாளடைவில் குஞ்சுகளின் கண்கள் வெள்ளிபோல் மின்னும். ஜலத்தின் சூடு 27, 28 டிகிரி செண்டிகிரேடாக இருப்பின், சுமார் 7 அல்லது 8 நாட்களில் குஞ்சு பொரிக்கும். அதுவும் அந்தி சாய்ந்து இருள் பரவிய பின்னரே நிகழும். வெளிச்சத்தில் வெளிவரும் குஞ்சுகளைப் பிற மீன்கள் கண்டு விழுங்கிவிடும் ஆதலின், இருளே அவற்றுக்குக் காவல்.

2019-ம் வருஷத்தில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இதனை நன்கு விளக்குகிறது. சில ஜோடிகளுக்கு 12 மணி பகலும் 12 மணி இருளும் அளித்தனர். வேறு சிலவற்றுக்கு இரவில் சராசரி 26.5 லக்ஸ் அளவுள்ள மங்கிய ஒளியை அளித்தனர். இரு வகையிலும் முட்டையிடுதலும் கருவுறுதலும் குறையவில்லை. ஆனால் இரவில் ஒளி பெற்ற முட்டைகளில் ஒன்றேனும் பொரிக்கவில்லை.

பண்ணையாளர் கருத வேண்டியது இதுவே. முட்டை நிறையக் கண்டும் குஞ்சு கிடைக்காதபோது, தாய் மீன் பழுது என்றோ ஆண் மீன் காக்கவில்லை என்றோ எண்ணி, நல்ல ஜோடியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட நேரும். அதற்குமுன், இரவில் தொட்டிமீது விழும் வெளிச்சத்தைப் பார்த்தல் நலம். தாழ்வார விளக்கும் தெரு விளக்கும்கூடத் தீங்கு செய்யலாம். அந்நாட்களில் தொட்டியைக் கருந்துணியால் மூடுதல் செலவற்ற பரிகாரமாகும்.

பொரித்தபின் நிலைமை மாறும். குஞ்சுகள் ரோட்டிபர் முதலிய நுண்ணிய இரையைக் கண்ணால் கண்டே பிடிக்கும். எனவே பகலில் அவற்றுக்கு வெளிச்சம் அவசியம். எனினும் அவை ஒளியை நாடிச் செல்லும் இயல்பின. பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால் கண்ணாடியில் மோதி மாளும். ஆகையால் பக்கங்களுக்குக் கருமை பூசி, மேலிருந்து மிதமான ஒளி தருதல் வேண்டும்.

வளர்ந்த மீன்களும் இருளை வேண்டுவனவே. நன்னீர் மீனாயினும் கடல் மீனாயினும், நடு இரவில் திடீரென்று விளக்கை ஏற்றினால் மருண்டு துள்ளும். சில வெளியே விழுந்து மடியும். கடலில் சில வகை மீன்கள் மணலுட் புதைந்து உறங்கும். கிளி மீன்களில் சில, வழவழப்பான உறையொன்றைத் தம்மைச் சுற்றி உண்டாக்கிக்கொண்டு இரவைக் கழிக்கும்.

காலையில் முதலில் அறை விளக்கையும், சற்றுக் கழித்துத் தொட்டி விளக்கையும் ஏற்றுக. மாலையில் இம்முறையை மாற்றிச் செய்க. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏற்றி, ஒரே நேரத்தில் அணைத்தல் சாலச் சிறந்தது. விளக்கு வாங்கப் பணம் வேண்டும். அதை அணைக்க ஞாபகம் ஒன்றே போதும்.