திருத்தமும் அதன் காரணமும்

பழஞ்சுவடியில் பாடவேறுபாடு கண்டால், எப்பாடம் முந்தியது, மாற்றியவர் யார், ஏன் மாற்றினார் என்பன பெரும்பாலும் தெரியா. படியெடுத்தவர் காரணம் எழுதி வைத்தாரில்லை. கணினிக்கு நிரல் எழுதுவோர்க்கும் இவ்விடர் உண்டு. ஒரே நிரலில் பலர் கைவைக்குங்கால், ஒருவர் செய்த திருத்தம் மற்றொருவர் பகுதியைப் பழுதாக்கிவிடும். ஆதலின், ஒவ்வொரு திருத்தத்தையும் வரலாறாகப் பதிந்து காக்கும் முறை எழுந்தது. அதனைப் பதிப்புக் கட்டுப்பாடு என்பர்.

இதற்கு இன்று பெருவழக்காயுள்ள கருவி ‘கிட்’. லினக்ஸ் இயங்குதளத்தின் உள்ளகமாகிய கெர்னலை 1991இல் தொடங்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே 2005 ஏப்ரலில் இதனையும் ஆக்கினார். அக்குழுவினர் 2002 முதல் கையாண்ட ‘பிட்கீப்பர்’ என்னும் கருவியின் இலவச உரிமம் நிறுத்தப்பட்டமையே உடனடிக் காரணம்.

கருவி மட்டும் இருந்தாற் போதுமோ? போதாது. ஒரு வார வேலையை ஒரே மூட்டையாகக் கட்டி, ‘சில திருத்தங்கள்’ என்று குறிப்பெழுதி வைப்பாரும் உளர். அது பதிவு அன்று, குப்பை. கெர்னல் குழுவினரின் விதி வேறு. ஒரு திருத்தத்திற்கு ஒரு நோக்கமே இருத்தல் வேண்டும். பிழை யாது, அதனால் பயன்படுத்துவோர்க்கு நேர்ந்த இடர் யாது என்பது குறிப்பில் விளங்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் நிரல் பழுதின்றி இயங்கவும் வேண்டும்.

ஏன் இத்துணைக் கண்டிப்பு? சென்ற மாதம் நன்கு இயங்கிய நிரல் இன்று இயங்கவில்லை என்க. இடையே நிகழ்ந்த திருத்தங்கள் 1000. ஒவ்வொன்றாய் ஆராயின் நாட்கள் கழியும். ‘பைசெக்ட்’ என்னும் கட்டளையோ நடுவிலுள்ள நிலையை எடுத்துத் தருகிறது. அது நன்கு இயங்கினால் பிழை பின்பாதியில் புகுந்தது, இன்றேல் முன்பாதியில். 1000 என்பது 500, 250, 125 எனக் குறைந்து, ஏறத்தாழப் பத்தே சோதனையில் குற்றமுள்ள திருத்தம் அகப்படும். நடுநிலை இயங்காததாயின் சோதனை தடைப்படும். அகப்பட்டது 5000 வரி மூட்டையாயின் தேடல் மீண்டும் தொடங்கும்.

பிழை தெரிந்தபின் பழைய பதிவையே அழித்தல் தகாது. அதன்மேல் பிறர் தம் வேலையைக் கட்டியிருப்பர். தவறான சொல்லைச் சுரண்டி எடுக்காது, கோடிட்டு மேலே எழுதுக என்று ஆசிரியர் மாணவர்க்குச் சொல்வதில்லையா? ‘ரிவர்ட்’ என்னும் கட்டளை அவ்வாறே முந்தைய திருத்தத்தை நீக்கும் புதிய திருத்தமொன்றைச் சேர்க்கிறது. நீக்கியதன் காரணம் அதற்குரிய குறிப்பில் எழுதப்படும்.