பெரிய கதவும் திட்டிவாசலும்

"கவர்ன்மென்ட்டுக்கு சாஃப்ட்வேர்னா என்னன்னே புரியல சார். புரியாததால கைவைக்கல. கைவைக்காததால வளர்ந்துடுச்சு." சோழிங்கநல்லூர் பக்கம் டீக்கடையில் கால் மணி நேரம் நின்றால் இதை யாராவது சொல்லக் கேட்டுவிடலாம். சொல்பவர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். அரசாங்கத்தை ஒரு குத்து குத்துவதால் சுற்றியிருப்பவர்களும் ரசித்துத் தலையாட்டுவார்கள். ஆனால் இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள்.

1970களிலிருந்து வருவோம். அப்போது கணினி என்பது வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வரவேண்டிய பெரிய இயந்திரம். அதை வாங்க இறக்குமதி உரிமம் வேண்டும், டாலர் வேண்டும், அந்த டாலருக்கு அனுமதியும் வேண்டும். 1973இல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்குள்ள தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஐ.பி.எம். ஒப்புக்கொள்ளாமல் 1978இல் மூட்டை கட்டியது. அதே காலத்தில், 1968இல் தொடங்கப்பட்டிருந்த டி.சி.எஸ். பரோஸ் நிறுவனத்தின் கணினி ஒன்றை வரவழைக்க முயன்றது. கிடைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: மென்பொருளை ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதித்துத் தருவோம் என்று உறுதி கொடுக்கவேண்டும்.

இந்த நிபந்தனையைச் சாதாரணமாகக் கடந்துவிடக்கூடாது. உள்ளூர் வங்கிக்கோ மின்வாரியத்துக்கோ மென்பொருள் எழுதினால் டாலர் வராது, டாலர் வராவிட்டால் இயந்திரம் வராது. நம் மென்பொருள் தொழில் பிறந்த நாளிலிருந்தே வெளிநாட்டைப் பார்த்து உட்கார்ந்ததற்கு நம் பொறியாளர்களின் ஆங்கிலத்தைக் காரணம் சொல்கிறோம். இறக்குமதி உரிமத்துக்கும் அதில் பெரிய பங்குண்டு.

சரி, எழுதிய மென்பொருளை அனுப்புவது எப்படி? காந்த நாடாவில் பதிந்து விமானத்தில் அனுப்பலாம். இல்லையென்றால் எழுதுகிறவரையே விமானத்தில் ஏற்றிவிடலாம். 1980கள் முழுக்கப் பெரும்பகுதி வருமானம் இரண்டாவது வழியில்தான் வந்தது. அமெரிக்காவில் வாடிக்கையாளர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார்கள். "பாடி ஷாப்பிங்" என்ற பெயர் இதற்குத்தான். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசின் கணினிக் கொள்கை இறக்குமதி வரியைக் குறைத்தது. அடுத்த ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் கடைவிரித்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாகவே அமெரிக்காவுக்கு வேலையை அனுப்பிக் காட்டியது. ஆளை அனுப்பாமல் வேலையை மட்டும் அனுப்பலாம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஆனால் அந்த அளவுக்குப் பணமும் பொறுமையும் உள்ள கம்பெனி எத்தனை?

இங்கேதான் அரசு ஒரு காரியம் செய்தது. கோயில் ராஜகோபுரக் கதவைப் பார்த்திருப்பீர்கள். அதைத் திறக்க நாலு பேர் வேண்டும், அதற்கு நாள் கிழமையும் உண்டு. ஆனால் அந்தக் கதவிலேயே ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் திட்டிவாசல் ஒன்று இருக்கும். இறக்குமதிக் கட்டுப்பாடு, செலாவணிச் சட்டம், தொலைத்தொடர்பு ஏகபோகம் என்ற பெரிய கதவுகள் எதையும் அரசு அவசரப்பட்டுத் திறக்கவில்லை. மென்பொருளுக்கென்று ஒரு திட்டிவாசலை வெட்டியது. அதன் பெயர் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டம், சுருக்கமாக எஸ்.டி.பி.ஐ. பெங்களூர், புனே, புவனேசுவரம் என மூன்று இடங்களில் தொடங்கி, 1991 ஜூனில் ஒரே அமைப்பானது. வெளிநாட்டுத் தொடர்பு முழுவதும் விதேஷ் சஞ்சார் நிகம் கையில் இருந்த காலம் அது. அப்போது எலெக்ட்ரானிக்ஸ் துறை தன் சொந்த டிஷ்ஷை நட்டு, சிறு கம்பெனிகளுக்கு 64 கே.பி.பி.எஸ். இணைப்பை வாடகைக்கு விட்டது. இன்று உங்கள் கைபேசி ஒரு படத்தை இறக்கவே அந்த வேகம் போதாது. அன்று அதை வைத்து ஒரு கம்பெனியே நடத்தினார்கள். துறைச் செயலராக இருந்த என். விட்டல் போன்றவர்கள் இதற்காக மற்ற துறைகளோடு மல்லுக்கு நின்றதையும் சொல்லத்தான் வேண்டும். அரசாங்கம் என்பது எப்போதும் ஒரே ஆள் இல்லை.

திட்டிவாசலில் காவல் இல்லாமலில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

துறைமுகம் வழியே தோல் ஏற்றுமதி செய்தால் சுங்க அதிகாரி மூட்டையைப் பார்ப்பார், கப்பல் பட்டியலில் முத்திரை வைப்பார். அந்தத் தாளை வைத்து, சரக்குக்கு உரிய டாலர் நாட்டுக்குள் வந்ததா என்று ரிசர்வ் வங்கி கணக்குப் பார்க்கும். மென்பொருள் கம்பி வழியே போய்விடுகிறதே, எந்த மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது? இதற்காகப் பிறந்ததுதான் சாஃப்டெக்ஸ் படிவம். யாருக்கு, என்ன மதிப்புக்கு அனுப்பினோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும். எஸ்.டி.பி.ஐ. அதிகாரி ஒப்பந்தத்தையும் விலைப்பட்டியலையும் பார்த்து மதிப்பைச் சான்றளிப்பார். வந்த டாலரை வங்கி அதோடு ஒப்பிடும். கண்ணால் பார்க்க முடியாத சரக்குக்குக் காகிதத்தில் ஓர் உடம்பு செய்து கொடுத்து, பழைய சட்டத்தின் கண்ணில் காட்டிவிட்டார்கள்.

இன்னொன்று, சுங்கக் கிடங்கு விதி. வரியில்லாமல் கணினியை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அது உட்காரும் அலுவலகம் சட்டப்படி ஒரு சுங்கக் கிடங்கு. குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே ஜாவா எழுதும் பிள்ளைகள், ஆனால் ஏட்டில் அது கிடங்கு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பதிவேட்டில் வரி உண்டு. பழசாகிவிட்டதே என்று ஒரு மானிட்டரைக் காயலான் கடையில் போட்டுவிட முடியாது, அதற்கும் கணக்குச் சொல்லவேண்டும். இந்தக் கிடங்கு நடைமுறை 2016 வரை இருந்தது என்றால் நம்புவீர்களா? கண்ணை மூடிக்கொண்ட அரசு செய்கிற வேலையா இது!

வித்தியாசம் என்னவென்றால், பத்து அலுவலகம் ஏறவேண்டியதை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மேசைக்குப் பின்னால் தொழில் தெரிந்தவர்களை உட்கார வைத்தார்கள். ஏற்றுமதி லாபத்துக்கு வருமானவரி விலக்கும் கூடவே வந்தது. பூங்காக்களுக்கான விலக்கு 2011 மார்ச்சோடுதான் முடிந்தது. மாநிலங்களும் போட்டியில் இறங்கின. தமிழ்நாடு 1997இல் தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது, 2000இல் தரமணியில் டைடல் பார்க் எழுந்தது. கம்பெனிகளின் உழைப்பும் ஒய்2கே என்ற உலகப் பதற்றமும் கைகொடுத்தன. 1990-91இல் 15 கோடி டாலரைக்கூடத் தொடாத ஏற்றுமதி, இன்று ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி டாலர். வேலை செய்பவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்.

இனி மறுபக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வெட்டிய வாசல், இங்கே இருப்பவர்களுக்கு எவ்வளவு உதவியது?

2000இல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஐ.நா. வணிகச் சட்ட ஆணையத்தின் மாதிரியை ஒட்டி எழுதப்பட்டது. மின்னணு ஒப்பந்தமும் கையொப்பமும் செல்லும் என்பதே அதன் மையம். சாதாரண ஆள் இணையத்துக்கு வந்தபோது அந்தச் சட்டம் தடுமாறியது. 2004இல் பாஸீ டாட் காம் தளத்தில் யாரோ ஒருவர் ஆபாசப் படத்தை விற்பனைக்கு வைக்க, தளத்தின் தலைமை அதிகாரியைக் கைது செய்தார்கள். பிறகு 2008 திருத்தம் தளங்களுக்குப் பாதுகாப்பைக் கூட்டியது. அதே திருத்தம்தான் 66ஏ என்ற பிரிவையும் கொண்டுவந்தது. "எரிச்சல்" ஊட்டும் செய்திக்கு மூன்றாண்டுச் சிறை! 2012இல் மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒருவர் கைதானார். 2015 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் காவல் நிலையங்கள் அதன்கீழ் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததை 2021இல் அதே நீதிமன்றமே வியந்து கேட்டது. எனவே அரசு கைவைக்கவில்லை என்பதை இந்தப் பக்கம் வந்து யாரும் சொல்லமுடியாது.

தனிமனிதத் தகவல் விஷயத்துக்கு வாருங்கள், வாசல் எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். தகவலைக் காக்கத் தவறும் கம்பெனி இழப்பீடு தரவேண்டும் என்று 2008 திருத்தம் சொன்னது. 2011 ஏப்ரலில் அதற்கான விதிகள் வந்ததும், வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்யும் கம்பெனிகள் பதறின. ஆகஸ்டிலேயே அவர்களுக்கு அது பொருந்தாது என்று விளக்கம் வந்துவிட்டது. நாலு மாதம்! நம்முடைய அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017இல் சொல்லி, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற 2023 ஆகஸ்ட் ஆயிற்று. விதிகளுக்கு 2025 நவம்பர் வரை காத்திருந்தோம். அந்தச் சட்டத்திலும், வெளிநாட்டார் தரவை ஒப்பந்தப்படி கையாளும் இந்தியக் கம்பெனிக்குப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் போகாது. இது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மனிக்காரர் தகவலை ஐரோப்பியச் சட்டம் ஏற்கெனவே கெடுபிடியாகக் காக்கிறது, இரட்டைக் காவல் எதற்கு? அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் அதே சட்டத்தில் இடம் வைத்திருக்கிறதே, கேள்வி கேட்கவேண்டிய இடம் அதுதான்.

டீக்கடையில் அந்தக் கதையைச் சொன்னவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய நோயாளிகளின் கோப்பைத் திறக்கும் தளத்துக்குள் போகுமுன் கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டுப் போகிற வேலை அவருடையது என்று வையுங்கள். உள்ளே பேனாவுக்குக்கூட அனுமதியில்லை. அவர் வீடு பிடித்தபோது கொடுத்த ஆதார் நகலோ தரகர் கைபேசியில் வாட்சப் படமாகக் கிடக்கிறது. சிம் கார்டுக்குக் கொடுத்தது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. தரவை வாங்குபவர்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர, புதிய விதிகள் 18 மாத அவகாசம் கொடுத்திருக்கின்றன. அதற்குள் அந்தத் தரகரின் கைபேசியில் இன்னும் எத்தனை ஆதார் சேருமோ, கணக்கில்லை.